உங்கள் மகன் திரும்பப் போட்ட சேறு

அன்பிலும் மதிப்பிலும் என் தந்தைக்கு நிகரான மாமா,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுறடி வாசலில் நின்று சொல்லும் ஸலாமை இன்று இக்கடிதத்தின் தலையில் வைத்துத் தொடங்குகிறேன். வயல் வட்டையிலிருந்து வந்து, குளித்து, அஸர் தொழுதுவிட்டு நேரே மேசைக்கு வந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போகிறது என்று உங்கள் மகள் பரீதா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். ஆறட்டும்.

செய்தி நல்லது மாமா. ஒரு வழக்கைச் சொல்லத் தொடங்கினால் இடம், காலம், தரப்பினர் என்று ஒழுங்காகப் போகிற சட்டத்தரணி நான். "மருமகன், முடிவச் சொல்லுங்க, மறுகா கதையச் சொல்லலாம்" என்று நீங்கள் எத்தனை முறை என்னை அவசரப்படுத்தியிருக்கிறீர்கள்! இன்று எனக்கே அந்த அவசரம் வந்திருக்கிறது. ஆனாலும் ஒழுங்கை விட மனம் வரவில்லை. உங்கள் இளைய மகன் றபீக்கைப் பற்றிய செய்தி, நல்ல செய்தி. இப்போதைக்கு இவ்வளவும் போதும்.

இதை நம் ஊர்ச் சஞ்சிகையில் அச்சிடக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். பட்டாளத்திலிருந்து முறையாக விலகி வந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டு வாசலில் குந்தியிருக்கும் பிள்ளைகள் இந்தக் கரையோரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய உம்மாமாரும் மனைவிமாரும் இதை வாசித்தால் நல்லது என்று தோன்றியது. பிள்ளையைப் பற்றி ஊருக்குச் சொல்வதில் உங்களுக்கு ஆட்சேபனை இராது என்று நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மருமகன், அவன் ஆமித் துவக்க இறக்கி வெச்சுட்டு ஊருக்கு வந்தானெண்டா, உங்கட கந்தோருக்குள்ள ஒரு மேசையப் போட்டுக் குடுங்க. நாலு பேரோட மரியாதையாக் கதைச்சுப் பழகட்டும்." நான் ஓம் என்றேன். எழுத்தில் இல்லாத வாக்குறுதிகளை எளிதில் கொடுக்காதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த 'ஓம்' இத்தனை நாளும் என் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் மௌத்தான அன்று றபீக் வடக்கே ஒரு முகாமில் இருந்தான். செய்தி அவனைப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் உங்களை அடக்கிவிட்டு வீடு திரும்பியிருந்தோம். மூன்று பிடி மண் போடும் நேரத்தில் முதலில் என் பேரிலும், பிறகு அவன் பேரிலும் நான் போட்டேன். அவன் லீவில் வந்தபோது அதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்கு இன்றுதான் விளங்கியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன மாரி முடிந்த கையோடு அவன் சேவைக்காலம் நிறைவு பெற்று வந்து சேர்ந்தான். விடுவிப்புச் சான்றிதழை நான் முன்னும் பின்னும் வாசித்து, பிரதிகள் எடுத்து, ஒன்றை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். சோதனைச் சாவடியில், பட்டாளத்திலிருந்து தப்பி வந்தவன் என்று யாரும் மறித்துவிடக் கூடாதல்லவா? "மச்சான், நான் சார்ஜனா இருந்தவன். செக்கிங்ல எப்படி நிக்கிறதெண்டு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான். இருந்தும் வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு வேலை தேடும் படலம். கல்முனையில் புடவைக் கடை, அக்கரைப்பற்றில் அரிசி ஆலை, இன்னும் சில இடங்கள். எல்லாரும் அன்பாகத்தான் வரவேற்றார்கள். எல்லாரும் ஒரே வேலையைத்தான் கொடுத்தார்கள்: வாசல் காவல். ஆலைக்காரர் அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "நீ ஒண்டும் செய்யத் தேவல்ல றபீக். கேட்டடியில சும்மா நிண்டாலே காணும். ஒரு கள்ளனும் கிட்ட வரமாட்டான்."

பாலம் போட்டவன், மதகு கட்டியவன், வெள்ளம் போகிற போக்கைப் பார்த்து மண்மூடை அடுக்கத் தெரிந்தவன் மாமா! பொறியியல் பிரிவில் அவன் செய்ததெல்லாம் அதுதான். ஆனால் ஊருக்கு அவன் தோளில் இல்லாத துவக்குத்தான் தெரிந்தது.

சரி, வாக்குறுதியை நிறைவேற்றுவோம் என்று என் சட்டக் கந்தோரில் மேசை போட்டேன். சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசிக்கு வரும் ஆட்களின் பெயர், விலாசம் எழுதுவது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, எளிய வேலை. முதல் வாரத்திலேயே, காணாமற்போன காணி உறுதிப்பத்திரத்துக்காக ஒரு முதியவர் வந்தார். உள்ளறையில் இருந்த எனக்கு றபீக்கின் குரல் கேட்டது. "ஐசி எடுங்க!" என்றான். அவ்வளவுதான். கோபமில்லை, அதட்டலுமில்லை, சோதனைச் சாவடியில் பழகிய குரல். நான் எட்டிப் பார்த்தபோது அந்த முதியவர் வாங்கிலிருந்து எழும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியபடி நின்றார்.

றபீக் எழும்பிப் போய் அந்தக் கைகளை மெதுவாகப் பிடித்து இறக்கி, அவரை இருத்தினான். தண்ணீர் கொடுத்தான். அவர் போன பிறகு என் கதவடிக்கு வந்து நின்றான். "மச்சான், இந்த மேசைக்கு நான் சரிவர மாட்டன். எண்ட தொண்டை இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல்ல."

அடுத்த நாளே கொழும்பிலுள்ள ஒரு முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். வளைகுடா நாடொன்றில் களஞ்சியக் காவல். வேறு சொல்லில் சொன்னால், மறுபடியும் சீருடை, மறுபடியும் வாசலில் நிற்றல். மாமி அன்று சோறு தின்னவில்லை. "தோள்ல கிடந்தத இறக்கி வெச்சுட்டு வந்தான் எண்டு அல்லாஹ்வப் புகழ்ந்தேனே! இப்ப ஆருண்டையோ சாமானுக்குக் காவல் நிக்கக் கடல் கடக்கப் போறானா?" முகவர் அழைப்பதற்கு முன் ஊரில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் றபீக் போவது உறுதி. எங்கள் வீட்டின் நிலை அதுதான்.

இங்கேதான் இலுப்பையடி வட்டை வருகிறது. பரீதாவுக்கு நீங்கள் சீதனமாகக் கொடுத்த வயல் இருக்கும் அதே வட்டை. சிறுபோக விதைப்புக்கு நாள் குறிக்க முன்னரே வாய்க்காலின் நடு மதகு உடைந்துவிட்டது. நம் வயலைப் பார்க்கப் போன றபீக் அன்று பின்னேரத்துக்குள் அதை மண்மூடையும் பலகையும் வைத்து அடைத்துவிட்டான். வட்டவிதானை, ஊரே அண்ணன் முறையில் அழைக்கும் ஆதம்பாவா காக்கா, அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம், மாடு வாங்கப் போனவர் மாதிரி.

வாசிக்கும் இளையவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு வட்டையிலுள்ள வயல்களின் வாய்க்கால் வேலையைக் கவனித்து, முறைவைத்துத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டவிதானை. கமக்காரர்கள் தாங்களே கூடி அவரைத் தெரிவு செய்வார்கள். கூலியையும் அவர்களே நெல்லாக அளப்பார்கள். ஆதம்பாவா காக்காவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. போகக் கூட்டத்தில் எழும்பி, "இந்தப் போகத்தோட நான் விடப்போறன். றபீக்கப் பாருங்க" என்றார். கூட்டம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வாய்க்கால் துப்புரவை அவன் நடத்தட்டும். தண்ணீர் திறக்க முன் மதகடியில் கூடி முடிவெடுப்போம் என்றார்கள். தகுதிகாண் காலம் என்று சட்டத்தில் சொல்வது போல.

நீங்கள் அவனை அப்போது பார்த்திருக்க வேண்டும் மாமா! விடியற்காலையில் எழும்பி மோட்டார் சைக்கிளைத் துடைக்கிறான். வாய்க்காலின் படத்தைக் கீறுகிறான். ஊர்காவல் படையிலிருந்து விலகிய தன் பழைய சேக்காளிகள் நால்வரைச் சேர்த்துக்கொண்டான். வட்டைக்காரருக்குச் சொன்ன நாள் வருவதற்கு முன்பே அவர்கள் இறங்கி, தலைமதகிலிருந்து கடைசி வயல் வரை வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கி முடித்துவிட்டார்கள். கயிறு பிடித்தாற்போல நேர்க்கோடு. கரை இரண்டும் மண்வெட்டியால் தட்டி மெழுகியது போல. எங்கள் வயலுக்குரிய பங்கும் வெட்டியாகியிருந்தது. ஆள் பிடிக்கும் தொல்லை ஒழிந்தது என்று நானும் மகிழ்ந்தேன்.

குறித்த நாளில் வட்டைக்காரர்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். வாய்க்காலைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கரைப்பற்று அலியார் காக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"ஆரு வெட்டினது இத?"

"நாங்கதான் காக்கா. எல்லாம் கிளியர்."

"எண்ட கட்டை எங்க?"

"அந்தா, கரையில அடுக்கி வெச்சிரிக்கி."

"அடுக்கி வெச்சா? அதுக்குள்ள எண்ட கட்டை எது, மத்தவண்ட கட்டை எது?"

"எல்லாம் ஒரே கட்டைதானே காக்கா?"

"உங்கட கேம்புக்குள்ள எல்லாம் ஒரே கட்டையா இரிக்கும் மகன். இது வட்டை!"

மாமா, உங்களுக்குத் தெரியும். அவரவர் வயலின் அளவுக்கு அவரவருக்கு வாய்க்காலில் ஒரு பங்கு. அதன் இரு முனையிலும் அவரவர் அடித்த கட்டை. உங்கள் மகன் வேலைக்கு இடைஞ்சலென்று அத்தனை கட்டைகளையும் பிடுங்கி, தறித்து, ஒரே உயரத்தில் அணிவகுப்புப் போல அடுக்கி வைத்திருந்தான்! ஆதம்பாவா காக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் குந்திவிட்டார். "றபீக்கு, நீ வாய்க்கால வெட்டல்ல மனே. மூடிக் கிடந்த சண்டையெல்லாத்தையும் வெட்டித் திறந்துட்டாய்."

சத்தம் போட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. சத்தம் போடாத ஒருவர் இருந்தார். திருக்கோவில் பக்கத்திலிருந்து வரும் சாமித்தம்பி அண்ணன். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. நாட்டு நிலைமை காரணமாகச் சில போகங்களாக அவர் வட்டைக்கு வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. இந்த முறைதான், துணிந்து, தனியாக, தோளில் மண்வெட்டியோடு வந்திருந்தார். தன் பங்கு வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். "ஆமியில இருந்து வந்த தம்பி" என்று யாரோ சொன்னார்கள். சாமித்தம்பி அண்ணன் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அவர் ஏன் போனார் என்று றபீக்குக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, அது என் தொழில். ஒரு வயல் யாருடைய உடைமையில் இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டால், வட்டைக்காரரின் வாயில் வரும் முதல் சாட்சியம் இதுதான்: "வருசா வருசம் அவர்தான் பங்கு வெட்டுறவர்." பங்கை வேறொருவர் வெட்டினால், வயலில் வேறொருவர் கால் வைத்துவிட்டார் என்று பொருள். சில போகங்களாக வராதவருடைய பங்கை, அவர் திரும்பி வந்த அன்று, ஒரு முன்னாள் படையினன் வெட்டி வைத்திருக்கிறான். அவர் என்ன நினைத்திருப்பார்? நீங்கள் அவருடைய இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது இதை நான் எடுத்துச் சொன்னேன். றபீக் சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். "அப்ப நான் அந்த மனிசண்ட காணியப் புடிச்ச மாதிரியா மச்சான்?"

"சட்டப்படி இல்லை. ஆனால் தோற்றம் அப்படித்தான்."

"நான் நல்லதெண்டுதானே செஞ்சன்?"

"அதில் சந்தேகமே இல்லை. ஒன்று செய்யலாம். உனக்கு அந்தக் காணியில் எந்தவித உரிமையோ கோரிக்கையோ இல்லை என்று நான் ஓர் உறுதிக் கடிதம் வரைந்து தருகிறேன். நீ ஒப்பமிடு. இரண்டு சாட்சிகளையும் நானே ஏற்பாடு செய்கிறேன்."

மாமி சமையலறையிலிருந்து, "ஓம், கடுதாசியக் காட்டினா அந்த மனிசன் இன்னும் பயந்து ஊர விட்டே போயிடுவான்" என்றார். பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முகவரிடமிருந்து அன்று காலைதான் தகவல் வந்திருந்தது: வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். "நான் ஓமெண்டு சொல்லிப்போட்டு பிளேன் ஏறப்போறன்" என்றான் றபீக்.

கை கழுவ எழும்பியவன் தண்ணீர்த் தொட்டியடியில் அப்படியே நின்றுவிட்டான். பிறகு திரும்பினான். முகம் மாறியிருந்தது.

"மச்சான், பிழையான இடத்துல ட்ரெஞ்ச் வெட்டினா ஆமியில என்ன செய்வாங்க தெரியுமா?"

"என்ன செய்வார்கள்?"

"மூடச் சொல்லுவாங்க. வெட்டின ஆளேதான் மூடோணும்."

அவ்வளவுதான்! மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது. நான் பின்னால் ஓடி ஏறிக்கொண்டேன். செருப்பு ஒன்று வாசலில் கிடந்தது. வட்டையில் இன்னும் சிலர் கட்டைகளைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். றபீக் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வயலடிக்குப் போனான். பக்கத்து வயல்காரர் இருவரையும் கூப்பிட்டான். இல்லை, கூப்பிடவில்லை, அவர்களிடம் போனான். "காக்கா, சாமித்தம்பி அண்ணன்ட பங்கு எங்க தொடங்குது? எங்க முடியுது? கொஞ்சம் சொல்லித் தாங்களேன்." அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு குரல் வந்ததை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

அவர்கள் காட்டினார்கள். இரண்டு முனையிலும் கட்டை அடித்தான். பிறகு, கரைக்கு அப்பால் வெட்டிக் குவித்திருந்த சேற்றையும் புல்லையும் மண்வெட்டியால் அள்ளி அள்ளி அந்தப் பங்குக்குள் திரும்பப் போடத் தொடங்கினான்.

வட்டையே திரண்டு வந்துவிட்டது. "டேய், வெட்டின சேத்தத் திரும்பப் போடுறான்டோய்!" என்று ஒருவர் கத்தினார். அலியார் காக்கா பாய்ந்து வந்து தன் பங்குக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "மகன், மகன், எண்ட பங்குல போட்டுராத! கட்டைய மட்டும் தா, காணும். முடிஞ்ச வேல முடிஞ்சதாவே இரிக்கட்டும்!" அன்றைக்கு முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள். மாமா, நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிறகு அவன் ஒவ்வொருவராக அழைத்துப் போய், அவரவர் வாயால் கேட்டு, அவரவர் கட்டையை அடித்துக் கொடுத்தான். என்னிடமும் கேட்டான். நமது பங்கு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அலியார் காக்காதான் காட்டினார். "லோயர் சேருக்கு உறுதியில எல்லை தெரியும், சேத்துல தெரியாது" என்று அவர் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

சாமித்தம்பி அண்ணனிடம் யார் போவது? றபீக் போனால் அவர் என்ன நினைப்பாரோ என்று நானும் ஆதம்பாவா காக்காவும் போனோம். வாசலில் எங்களைக் கண்டதும் அவர் எழும்பி நின்றார். "லோயர் ஐயா வந்திருக்கிறீங்க எண்டா காணிக் கேசுதானே?"

"கேசுமில்ல கீசுமில்ல" என்றார் ஆதம்பாவா காக்கா, காலை நீட்டி உட்கார்ந்தபடி. "உண்ட பங்குல சேறு கிடக்கு சாமித்தம்பி. வந்து வெட்டு. தண்ணி திறக்கப் போறம்."

"அத அந்த ஆமித் தம்பி வெட்டிப்போட்டாரே?"

"வெட்டினான். இப்ப திரும்பப் போட்டுட்டான்."

"என்னத்தப் போட்டவர்?"

"சேத்தத்தான்!"

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் சிரிப்புக் கேட்டது. அண்ணனின் மனைவி கதவடிக்கு வந்து, "என்னகா இது, வெட்டின சேத்த ஆரும் திரும்பப் போடுவாங்களா? அந்தப் பொடியனுக்குச் சுகமில்லையா?" என்றார். சாமித்தம்பி அண்ணன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் மிகவும் கவனமாக, சத்தியக்கடதாசியில் எழுதுவது போல, நடந்ததைச் சொன்னேன்: நல்ல எண்ணத்தில் வெட்டினான், பிழை என்று தெரிந்தது, உங்கள் பங்கை உங்களுக்கே வைத்திருக்கிறான். அவர் உள்ளே திரும்பி மனைவிக்குக் கையால் சைகை காட்டினார். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். வாய்க்காலுக்குள் இறங்கி வெட்டத் தொடங்கினார். றபீக் கரையில் நின்றான். கை துருதுருப்பதை நான் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பாதியில் அண்ணன் நிமிர்ந்து, சேற்றையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குள்ள இவ்வளவு சேறு இருக்கல்லயே. கூடப் போட்டுட்டீங்க போல?"

"பக்கத்துப் பங்கு சேறும் கொஞ்சம் கலந்துட்டு அண்ணன்" என்றான் றபீக். சாமித்தம்பி அண்ணன் அப்போதுதான் சிரித்தார். "அப்ப பாத்துக்கொண்டு நிக்காம அந்தக் கட்டையப் புடிங்க. சரிஞ்சு கிடக்கு."

இன்று காலை மதகடியில் எல்லாரும் கூடினார்கள். ஆதம்பாவா காக்கா றபீக்கின் பேரைச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆமிக்காரன் வேணா. தண்ணி முறைக்கு விசில் ஊதுவான்." சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். நான் சட்ட நுணுக்கங்களோடு ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். எழும்புவதற்குள் சாமித்தம்பி அண்ணன் எழும்பிவிட்டார்.

"நான் கடைசி வயல்காரன். தண்ணி எனக்கு வந்து சேரல்லையெண்டா ஆருட்டப் போய்க் கதைக்கிற எண்டதுதான் எனக்கு யோசனை. இந்தத் தம்பியோட கதைக்கலாம். பிழையெண்டு தெரிஞ்சா அண்டைக்கே திருப்பி வைக்கிறார். இவர் இருந்தா நான் விதைப்பன்."

அலியார் காக்கா, "எண்ட பங்குல சேறு போட மாட்டனெண்டு சத்தியம் பண்ணினா எனக்கும் சம்மதம்" என்றார். பிறகு ஆதம்பாவா காக்கா, சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார்.

கைகள் உயர்ந்தன மாமா. ஒன்று, பிறகு இரண்டு மூன்று, பிறகு மதகடி முழுவதும். சேறு காய்ந்த கைகள். ஒவ்வொருவரும் ஒரு கையைத்தான் உயர்த்தினார்கள். மற்றக் கை மண்வெட்டியில், இடுப்பில், பக்கத்தில் நின்றவர் தோளில் இருந்தது. றபீக் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கண் என் பக்கம் வந்தது. என் கந்தோரில் நின்ற அந்த முதியவரை நானும் நினைத்தேன். அவனும் நினைத்தான் என்று எனக்கு நிச்சயம். இதற்குச் சான்று என்னிடம் இல்லை. இருந்தும் எழுதுகிறேன்.

முடிவைக் கேட்டீர்கள் அல்லவா? இதுதான் முடிவு. உங்கள் மகன் இலுப்பையடி வட்டையின் வட்டவிதானை. முகவரிடம் கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டாகிவிட்டது. மாமி செய்தி கேட்டதும் அழுது, சிரித்து, நெல் எங்கே கொட்டுவது என்று இப்போதே இடம் பார்க்கிறார். நான் போட்டுக் கொடுத்த மேசையைப் பரீதா தன் தையல் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டாள். நீங்கள் கேட்டது மேசை, நடந்தது வேறு. ஆனால் நாலு பேரோடு மரியாதையாகக் கதைத்துப் பழகட்டும் என்றீர்களே, அது நடந்துவிட்டது.

கடைசியில் சொல்கிறேன் என்றது இது. போன மாரியில் உங்கள் கபுறு கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. மதகடியிலிருந்து வரும் வழியில், ஆள் பிடித்து மண் போட ஏற்பாடு செய்கிறேன் என்று றபீக்கிடம் சொன்னேன். அவன் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அத விடுங்க மச்சான். அது எண்ட பங்கு."

அன்று அவன் பேரில் நான் மண் போட்டதைச் சொன்னபோது அவன் வெறுமனே தலையாட்டியதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவனுடைய பங்கை நான் வெட்டியிருக்கிறேன் மாமா.

தண்ணீர் திறந்து, சாமித்தம்பி அண்ணனின் கடைசி வயலைத் தொட்டதும் அவன் மண்வெட்டியோடு உங்களிடம் வருவான். நானும் கூட வருவேன் மாமா. ஸலாம் சொல்வேன், துஆக் கேட்பேன். ஆனால் ஒரு பிடி மண்ணும் அள்ள மாட்டேன். இது வாக்குறுதி, இதையாவது எழுத்தில் தருகிறேன்.

என்றும் உங்கள் துஆவை நாடும்,
உங்கள் மூத்த மகளின் மாப்பிள்ளை,
றபீக்கின் மச்சான்.
கல்முனை.